நாய்க்கு இடம் வாசலா, வரவேற்பறையா?



வழக்கமாக இந்த மன்றத்தில் என் வேலை மணி அடிப்பது. பேச்சாளர் நேரம் தாண்டினால் மணி அடிப்பேன். இரண்டு அணியும் ஒரே நேரத்தில் பேசினால் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிப்பேன். இந்த வாரம் தயாரிப்பாளர் என்னையே நாற்காலி மாற்றி உட்கார வைத்துவிட்டார். காரணம், போன பதிவின்போது நடந்த ஒரு சின்னச் சம்பவம்.

அன்றைய தலைப்பு, செல்ல நாயை வீட்டுக்குள் வளர்ப்பதா, வெளியே வளர்ப்பதா என்பது. வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்துத்தான் வைத்தோம். பார்வையாளர் வரிசையில் இருந்து ஒரு பாட்டி ஒலிவாங்கியை வாங்கினார். "எங்க காலத்துல நாய் வாசல்லதான் படுக்கும். எந்த நாயும் ஏங்கிச் செத்ததில்ல. இப்ப உள்ள பிள்ளைங்க மெத்தையில போட்டு அதையும் கெடுக்குறாங்க" என்றார். நல்ல கைத்தட்டல். உடனே பின் வரிசையில் ஒரு இளைஞர் எழுந்தார். "எங்க பக்கத்து வீட்டு நாயும் வாசல்லதான் இருக்கு பாட்டி. நாலு வருஷமா அதே சங்கிலி. அதுவும் உங்க காலத்து நாய்தானா?" என்று கேட்டார். அரங்கம் அமைதியாகிவிட்டது. எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மணியை அடித்துவிட்டேன்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் வரலாறு படித்தவள் அல்ல. பொதுத்தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கேமரா முன்னால் நிற்பவள். ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு வாசல் நாய் இருந்தது. அதனால் கொஞ்சம் படித்தேன், அப்பாவிடம் நிறையக் கேட்டேன். அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

முதலில் பாட்டியின் பக்கம் நின்று பேசுகிறேன். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்டது. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட ஒரு வீரனுக்காக எடுத்த கல் அது. வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்குப் பெயரும் உண்டு, கோவிவன். இரண்டு கள்வர்களைக் கடித்து அது காவல் நின்ற செய்தியைக் கல்வெட்டே சொல்கிறது.

ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்னால், அரசனின் பெயர் இருக்கும் அதே கல்லில் ஒரு நாயின் பெயர். இன்றைக்கு மெத்தையில் தூங்கும் எந்த நாய்க்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது? கோவிவனின் இடம் மந்தை. அதைக் கட்டிலில் ஏற்றவில்லை என்பதற்காக அந்த ஊர்க்காரர்களுக்கு நாய் மேல் பாசம் இல்லை என்று சொல்ல முடியுமா? வாசற்படியைத் தாண்டினால்தான் அன்பு என்று பேசிய அணிக்கு இந்த ஒரு கல் போதும்.

அந்தப் பழக்கத்தோடுதான் நம்மவர்கள் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். லயத்தைப் பார்த்திராத இளையோருக்காகச் சொல்கிறேன். பழைய லயங்கள் பல, தரையிலிருந்து தூக்கிக் கட்டிய பலகை வீடுகள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பல குடும்பங்கள். வீட்டுக்கு அடியில் விறகு இருக்கும், கோழி இருக்கும், ஓட்டை சைக்கிள் இருக்கும், நாயும் இருக்கும். மழை பெய்தால் அதற்கு அங்கே இடம். வெயில் அடித்தால் அங்கேயே நிழல்.

விடிவதற்கு முன் பெரட்டுக்கு ஆள் கிளம்பும்போது நாயும் எழுந்துவிடும். பால்வெட்டப் போகிறவர்களின் பின்னாலேயே நிரைக்குப் போகும். மங்கு துடைத்து மரம் வெட்டி முடிக்கும்வரை ஏதாவது ஒரு மரத்தடியில் படுத்திருக்கும். பாம்பு கண்டால் குரைக்கும். பன்றி கண்டால் ஆளைக் கூட்டும். மத்தியானம் ஆயாக்கொட்டகைப் பக்கம் பிள்ளைகளோடு உருளும். சாயங்காலம் குழாயடியில் பெண்கள் கதை பேசும்போது நடுவில் போய்ப் படுக்கும். கோயில் திருவிழா என்றால் அன்னதானம் முடிகிறவரை நகராது. அது யாருடைய நாய் என்று கேட்டால் ஒரு வீட்டைக் காட்டுவார்கள். சாப்பிடுவது மட்டும் நான்கு வீட்டில்.

சின்ன விஷயம் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. நம் தோட்டத்து நாய்களுக்கு ஏன் ஜிம்மி, டைகர், டாமி என்று வெள்ளைக்காரப் பெயர்? எல்லாம் துரை பங்களாவில் இருந்து இறங்கி வந்த பெயர்கள் என்பார் அப்பா. எங்கள் நாய்க்கு மட்டும் மணி என்று பெயர். அம்மா வைத்தது. இந்த மன்றத்தில் நான் அடிக்கும் மணிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். லயத்தில் நாய் வெளியே இருந்தது உண்மைதான். ஆனால் நாமும் வெளியேதான் இருந்தோம். சமைக்கிற புகை வெளியே. குளியல் வெளியே. பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் படிக்கட்டில். இருண்ட பிறகு தூங்க மட்டும்தான் உள்ளே போனோம். ஆகவே, 'வெளியே' படுத்திருந்த நாய் தனியாக இருக்கவில்லை. நாள் முழுக்க அதைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். பாட்டி சொன்ன வாசல் அந்த வாசல்.

துரை பங்களாவில் கதை வேறு. அங்கே நாய் வராந்தாவில் நடமாடும், சோபாவுக்குப் பக்கத்தில் படுக்கும். அதைக் குளிப்பாட்டவும் அதற்குச் சோறாக்கவும் பெரும்பாலும் நம்மவர் ஒருவர் இருப்பார். வெள்ளைக்காரர்களுக்கு நாய் மேல் நம்மைவிடப் பாசம் அதிகம், அதனால் உள்ளே விட்டார்கள் என்று போன பதிவில் ஒருவர் சொன்னார். அவர்களுடைய வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்திலும் நாய் நெடுங்காலம் ஆடு மேய்த்தது, வேட்டைக்குப் போனது, வண்டிக் கொட்டகையில் படுத்தது. மடியில் வைத்துக் கொஞ்சும் குட்டி நாய் பணக்கார வீட்டுப் பெண்களின் ஆடம்பரமாக இருந்தது. தொழிற்சாலைக் காலத்தில் நடுத்தர வர்க்கம் பெருகியபோதுதான் அந்த ஆடம்பரம் கீழே இறங்கியது. 1859இல் நியூகாசில் நகரில் அங்கே முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1860களில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் லண்டனில் நாய் பிஸ்கட் விற்றார். 1873இல் கென்னல் கிளப் தொடங்கி, எந்த நாய் என்ன ஜாதி என்று பதிவேடு போட்டார்கள். விலை கொடுத்து வாங்கிய சாதி நாயைத் தெருவில் விட யாருக்கு மனம் வரும்? நாய் வீட்டுச் சாமான்களோடு சாமானாக உள்ளே வந்தது.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வெறிநோய். 1885 ஜூலையில் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தம்முடைய தடுப்பூசியைப் போட்டார். பையன் பிழைத்தான். அந்தச் செய்தி உலகத்தையே உலுக்கியதற்குக் காரணம், அதுவரை அந்த நோய்க்கு மருந்தே கிடையாது என்பதுதான். நோய் தலைகாட்டிவிட்டால் இன்றைக்கும் பிழைப்பது அரிதினும் அரிது. இங்கிலாந்து வேறு வழியில் போனது. நாய்க்கு வாய்மூடி கட்டாயம், தெருவில் திரிந்தால் பிடி என்று கடுமையாக நின்று 1902இல் முதல்முறையாக நோயை விரட்டியது. கடித்தாலும் உயிர் போகாது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் குழந்தை தவழும் தரையில் நாயையும் படுக்க விட்டார்கள். பாசம் வளர்ந்ததற்கு முன்னால் பயம் போக வேண்டியிருந்தது.

நமக்கு அந்தப் பயம் எப்போது போனது?

அவசரகாலம் நடந்துகொண்டிருந்த 1952இல் மலாயாவில் வெறிநோய் பெரிதாகப் பரவியது. அரசாங்கம் கட்டாயத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. கோழிமுட்டைக் கருவில் வளர்த்துத் தயாரித்த ஃப்ளூரி என்ற புது வகைத் தடுப்பூசியைத் திரளாக நாய்களுக்குப் போட்டார்கள். ஊசி போட்ட நாய் தப்பித்தது. உரிமையாளர் இல்லாமல் திரிந்த நாய்களைக் கொன்றார்கள். அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் நோய் அடங்கியது. சிங்கப்பூரிலும் 1953க்குப் பிறகு வெறிநோய் இல்லை. தாய்லாந்தில் இருந்து மறுபடி நுழையாதபடி 1950களில் நம் வட எல்லை நெடுக ஒரு தடுப்பூசி வளையம் அமைத்தார்கள். உலகமே பாராட்டிய வேலை அது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. எத்தனையோ பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள்.

ஆனால் நாயின் கழுத்துக்குக் கயிறு வந்ததும் அந்தக் காலத்தில்தான். நாய் சுடுகிறவர்கள் வருகிறார்கள் என்று சொன்னால் லயத்தில் பெண்கள் கையில் கிடைத்த சேலைக் கிழிசலை எடுத்து நாயைத் தூணில் கட்டுவார்களாம். எங்கள் பாட்டி சொல்லுவார். வண்டி போனதும் அவிழ்த்துவிடுவார்கள். கட்டுவது நாயைக் காப்பாற்ற. கட்டியே வைப்பது என்ற பழக்கம் அன்றைக்கு லயத்தில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வெளியே இருந்த நாய்க்கு வேறு எதிரியும் இருந்தது, உண்ணி. 1963இல் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ நாய்கள் காரணம் புரியாமல் நோயுற்றன. காய்ச்சல், மூக்கில் ரத்தம், பிறகு சாவு. சில ஆண்டுகள் கழித்து வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கும் மேல் இதே நோயில் மடிந்தன. எர்லிக்கியா என்ற கிருமி. 1935லேயே அல்ஜீரியாவில் கண்டுபிடித்தார்கள் என்றாலும், அது இவ்வளவு பொல்லாதது என்று உலகம் உணர்ந்தது இந்தச் சம்பவங்களுக்குப் பிறகுதான். பழுப்பு நிற நாய் உண்ணி கடிப்பதால் பரவுகிறது. நம் தோட்டத்தில் 'நாய்க்குச் சீக்கு, மூக்குல ரத்தம், போயிருச்சு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்களே, அதில் எத்தனை இந்த நோயோ! எந்த நாயும் ஏங்கிச் செத்ததில்லை என்று பாட்டி சொன்னது சரி. உண்ணியால் செத்தவற்றை யாரும் கணக்கெடுக்கவில்லை. 1990களின் நடுவில் நாயின் பிடரியில் சொட்டு சொட்டாக விடும் உண்ணி மருந்துகள் விற்பனைக்கு வந்தன. உண்ணி போன பிறகு நாயைக் கூடத்தில் விட அம்மாமார்களும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்.

மருந்தும் தடுப்பூசியும் வழியைத் திறந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். நாயை நம் வீட்டுக்குள் தள்ளிவிட்டது எது? என்னைக் கேட்டால், வாசல் போனதுதான்.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் வெட்டிச் சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள், நெடுஞ்சாலைகள், குழிப்பந்துத் திடல்கள் வந்தன. 1980க்கும் 2000க்கும் இடையில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது என்று மதிப்பிடுகிறார்கள். போனவர்கள் எங்கே போனார்கள்? சிலர் புறம்போக்குக் குடிசைகளுக்கு. பலர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு. கொஞ்சம் வசதி உள்ளவர்கள் தாமான்களில் வரிசை வீட்டுக்கு. இழப்பீடு, வேலை, பள்ளிக்கூடம், கோயில் என்று எத்தனையோ பேசினோம், எழுதினோம், மறியலும் செய்தோம். நாயைப் பற்றி யாரும் பேசவில்லை. மனிதனுக்கே வழியில்லாத இடத்தில் நாயைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள் என்ற கூச்சம்.

ஜொகூர் பாலத்துக்கு அப்பால் இதே மாற்றம் இன்னும் வேகமாக நடந்தது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கிய சிங்கப்பூரில், 1985க்குள் பத்தில் எட்டுப் பேர் கழக வீடுகளில் குடியேறிவிட்டார்கள். கம்பத்தில் இருந்து வந்த சிலர் பன்றிகளைக்கூடப் படிக்கட்டில் ஏற்றிக்கொண்டு போனதாக லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பன்றி ஏறியபோது நாய் ஏறாமலா இருந்திருக்கும்? ஆனால் அங்கே சட்டம் தெளிவு. ஒரு கழக வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் பட்டியலில் உள்ள சிறிய இனங்களில் ஒன்று. கம்பத்தில் திரிந்த நாட்டு நாய் அந்தப் பட்டியலில் இல்லை. 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லப் பெயர் வைத்துவிட்டு வீட்டுக்குள் விடாமல் இருந்தார்கள்! 2012இல்தான் அடோர் என்ற திட்டத்தின் கீழ், தத்தெடுத்த கலப்பின நாயைக் கழக வீட்டில் வளர்க்க வழி பிறந்தது. உயரம் இவ்வளவு, எடை இவ்வளவு என்று அளந்து பார்த்து. 2020இல் அந்த அளவைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பூனைக்கு இன்னும் தாமதம், 2024 செப்டம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் அப்படி ஒரே சட்டம் கிடையாது. நாய் உரிமம் ஊராட்சி மன்றத்துக்கு மன்றம் மாறும். அடுக்குமாடி என்றால், 2015ஆம் ஆண்டு வந்த கூட்டுரிமைக் கட்டடப் பராமரிப்பு விதிகள், மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணியை வைத்திருக்கக் கூடாது என்கின்றன. தொல்லை என்பதை யார் அளப்பது? அங்கேதான் பக்கத்து வீட்டுச் சண்டை ஆரம்பிக்கிறது.

பக்கத்து வீடு என்று வந்துவிட்டதால் இதையும் மறைக்காமல் பேசிவிடுவோம். நம் அண்டை வீட்டார் பலர் முஸ்லிம்கள். இங்கே பின்பற்றப்படும் ஷாஃபி மரபில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். கம்பத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அவர்கள் வழியில் அவர்கள், நம் நாய் வழியில் நம் நாய். அடுக்குமாடியில் நடைபாதை நான்கடி. மின்தூக்கி அதைவிடச் சின்னது. அப்பாவும் பக்கத்துக் கதவு பாக்சிக்கும் நல்ல பழக்கம், பெருநாளுக்குப் பலகாரம் போய் வரும். அந்த வீட்டு வாசலில் நம் நாயைக் கட்டி வைப்பது நியாயமா என்று அப்பா கேட்டால் எனக்குப் பதில் இல்லை. 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் நாயைத் தொட்டுப் பழகுங்கள் என்று ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பிறகு பெரிய சர்ச்சை ஆயிற்று. சர்ச்சையைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பயத்தையும் தயக்கத்தையும் மீறி இத்தனை பேர் வந்து நின்றது எனக்கு நினைவில் இருக்கிறது.

சரி, வாசல் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? நாயை விட்டுவிட்டுப் போனார்கள். அது தெரு நாய் ஆனது, குட்டி போட்டது. 2009இல் பூலாவ் கெத்தாமில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தீவில் நாய்த் தொல்லை தாங்காமல் ஊரார் சுமார் முந்நூறு நாய்களைப் படகில் ஏற்றி, ஆளில்லாத அலையாத்தித் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். சோறும் நல்ல தண்ணீரும் இல்லாத இடம். பசியில் ஒன்றை ஒன்று தின்னும் நிலைக்குப் போனதைச் செய்தியில் படித்தோம். அந்த ஊரார் கொடியவர்கள் அல்ல. நாய் வெளியேதான் இருக்க வேண்டும் என்று பரம்பரையாக வளர்த்தவர்கள்தான். ஊர் நெருங்கி, நாய் பெருகி, 'வெளியே' என்பதற்கு இடம் தீர்ந்தபோது, அதைவிட வெளியே கொண்டுபோய் விட்டார்கள்.

அப்போது சட்டம் என்ன சொன்னது தெரியுமா? 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் கொடுமைக்கு அதிகபட்ச அபராதம் 200 ரிங்கிட். வாகனம் தப்பாக நிறுத்தினால் கட்டுகிற கணக்கு! 2013இல் அதை உயர்த்தினார்கள். பிறகு 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம் வந்து, 2017 ஜூலையில் நடைமுறைக்கும் வந்தது. இப்போது கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட்வரை அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை.

இதற்கிடையில் பழைய பயமும் திரும்பியது. வெறிநோயற்ற நாடு என்று பெயர் வாங்கியிருந்தோம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் மறுபடி தலைகாட்டியது. பினாங்கில் தெரு நாய்களைக் கொல்ல உத்தரவு வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. 2017 ஜூலையில் சரவாக்கில் செரியான் வட்டாரத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகும் அங்கே உயிரிழப்புகள் தொடர்ந்தன. கோவிவன் மாதிரி அவிழ்த்துவிட்டு வளர்ப்பேன் என்று இன்றைக்கு யாராவது சொன்னால், தயவுசெய்து இந்தக் குழந்தைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன். நான்கு வருடமாக அதே சங்கிலியில் இருக்கும் நாய், பாட்டி காலத்து நாயா?

இல்லை என்பதுதான் என் பதில். பாட்டியின் வாசலும் இந்த வாசலும் பெயரில் மட்டும் ஒன்று. தாமான் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. கார் நின்ற பிறகு மிஞ்சுவது செருப்பு வைக்கும் இடம். அங்கே ஒரு கம்பிக் கூண்டு, இல்லையென்றால் கேட்டில் ஒரு சங்கிலி. காலை ஏழு மணிக்கு எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடுகிறோம். இரவு ஏழு மணிக்கு வந்து நேரே உள்ளே போய்க் கதவைச் சாத்தி, குளிர்சாதனத்தைப் போட்டு, தொலைக்காட்சி முன் உட்காருகிறோம். என் நிகழ்ச்சியைப் பார்க்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் நாம் எல்லாரும் உள்ளே போய்விட்டோம், நாய் மட்டும் வெளியே நிற்கிறது. பகலில் சிமெண்டுத் தரை கொதிக்கிறது. லயத்துக்கு அடியில் இருந்த மண்ணின் குளிர்ச்சி அங்கே கிடையாது. குரைத்தால் பக்கத்து வீட்டார் புகார். குரைக்காவிட்டால் காவலுக்கு உதவாத நாய் என்று நம் புகார். அன்றைக்கு வண்டி வந்தபோது மட்டும் நம் பாட்டிமார்கள் கட்டினார்கள், போனதும் அவிழ்த்தார்கள். நாம் கட்டினோம், அவிழ்க்க மறந்துவிட்டோம். இதற்கு 'எங்கள் பரம்பரை வழக்கம்' என்று பெயர் வைப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உள்ளே வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. பனிப்பிரதேசத்து ஹஸ்கியை வாங்கி இரவு பகலாகக் குளிர்சாதனம் ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறோம். பன்னிரண்டாவது மாடியில் நாளெல்லாம் பூட்டிய அறையில் தனியாக இருப்பதும் ஒரு சங்கிலிதான், கழுத்தில் தெரியவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். தினமும் ஒரு மணி நேரமாவது நாயோடு நடக்க முடியாதவர்கள், உள்ளேயா வெளியேயா என்று பட்டிமன்றம் வைப்பதற்கு முன் நாய் வாங்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கலாம். இப்படிச் சொன்னால் நாய் வியாபாரிகள் என்னைக் கோபிப்பார்கள். பரவாயில்லை.

என்னைப் பொறுத்தவரை, ஆட்கள் இருக்கும் இடம்தான் நாயின் இடம். அன்றைக்கு ஆட்கள் வாசலில் இருந்தார்கள், நாயும் வாசலில் இருந்தது. இன்றைக்கு வாசலில் யாரும் இல்லை.

கடைசியாக மணியின் கதை. 1998இல் எங்கள் தோட்டம் கைமாறியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்களுக்குக் கிடைத்தது நான்காவது மாடியில் ஒரு வீடு. நாய்க்கு அனுமதியில்லை என்று கட்டட நிர்வாகம் முன்கூட்டியே எழுதி ஒட்டியிருந்தது. கோயில் பூசாரி இன்னும் கொஞ்ச நாள் தோட்டத்தில் இருப்பதாகச் சொன்னதால் மணியை அவரிடம் விட்டுவிட்டு வந்தோம். லாரியின் பின்னால் அது ஓடி வந்ததா என்று கேட்பீர்கள். சினிமாவில்தான் ஓடி வரும். மணி கோயில் நிழலில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. சாயங்காலம் வந்துவிடுவோம் என்று நினைத்திருக்கும்.

அதன் பிறகு அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்து வீட்டு ஹொண்டா கப்பைக் கடன் வாங்கிக்கொண்டு போனார். பழைய பால் டின்னில் சோறும் மீன் தலையும் அம்மா போட்டுக் கொடுப்பார். இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது, இந்த நிகழ்ச்சிக்காகக் கேட்டபோதுதான் அப்பா சொன்னார். மூன்றாவது ஞாயிறு போனபோது லயத்தை இடித்துத் தள்ளிவிட்டார்களாம். பலகை, கூரை எதுவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு முன்னால் தாத்தா பூசிய சிமெண்டுப் படி மூன்று மட்டும் அப்படியே இருந்ததாம். மணி அதன் மேல் படுத்திருந்தது.

மூன்று ஞாயிறு போனேன் என்றுதான் அப்பா சொன்னார். நான்காவது ஞாயிறு மணி அங்கே இல்லையா, இல்லை அப்பாதான் போகவில்லையா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட, என் நாய் கூடத்தில் படுத்திருப்பதைப் பார்த்து, "நாய்னா வாசல்ல இருக்கணும்மா" என்றார். இரவு மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடிக்க எழுந்து வந்தேன். கூடத்தில் அப்பா விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. நான் ஒன்றும் கேட்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.